ப்ரொடக்ஷன் மேனேஜருக்கு என்ன பாதுகாப்புப் பயிற்சி வேண்டும்? – கேள்வி பதில்

தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருடம், அதில் கடைசி ஏழு வருடம் பிளான்ட் ஹெட். இப்போது ஓய்வு. மேனேஜர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், நான் அம்பத்தூரில் ப்ரொடக்ஷன் மேனேஜராகி இரண்டு மாதம். சேஃப்டி கோர்ஸ் ஒன்று படிக்க ஆசை. நெபோஷா, தரமணி டிப்ளமாவா?

தரமணி மண்டலத் தொழிலாளர் நிலையத்து டிப்ளமா, சேஃப்டி ஆபீசராகப் போகிறவர்களுக்கானது. நெபோஷ் பிரிட்டன் சான்றிதழ். வளைகுடா வேலைக்கு உதவும். உங்களுக்கு இரண்டும் வேண்டாம். மேனேஜர்களுக்கென்றே சில நாட்களில் முடியும் பயிற்சிகள் இருக்கின்றன, பிரிட்டனின் ஐயோஷ் அமைப்பு நடத்தும் 'மேனேஜிங் சேஃப்லி' மாதிரி. அது போதும்.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஷாப்பின் முதலுதவிப் பதிவேட்டை எடுத்து ஒரு வருடப் பக்கங்களைப் படியுங்கள். எந்த மெஷின், எத்தனை மணி, எந்த விரல். நான் முதல்முறை அப்படி உட்கார்ந்தபோது ஒரே மெஷினில் ஒன்பது கீறல் இருந்தது. அதில் ஏழு, ஷிஃப்ட்டின் கடைசி ஒரு மணி நேரத்தில், டார்கெட் எட்டாத நாட்களில். அந்த டார்கெட்டைப் போட்டவன் நான்தான்.

அண்ணா, கோவை கணபதியில் சின்ன யூனிட். 50 டன் பவர் பிரஸ் நான்கு. கஸ்டமர் ஆடிட்டில் லைட் கர்ட்டன் (கை குறுக்கே போனால் மெஷினை நிறுத்தச் சொல்லும் ஒளிக்கதிர்த் திரை) போடச் சொல்கிறார்கள். மாட்டிவிட்டு ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதுமா?

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். பின் கிளட்ச்சா, நியூமேட்டிக் கிளட்ச்சா?

பின் கிளட்ச் என்றால் ஆர்டரை நிறுத்துங்கள். பின் ஒருமுறை பிடித்துவிட்டால் ராம், அதாவது மேலும் கீழும் போய் அடிக்கும் பகுதி, கீழே போய் மேலே வந்துதான் நிற்கும், நடுவில் நிற்காது. லைட் கர்ட்டன் சிக்னல் கொடுக்கும், ராம் கேட்காது. அந்த மெஷினுக்கு விரல் நுழையாத நிலையான கார்டு (தடுப்பு) போடுங்கள், அல்லது கை உள்ளே போகத் தேவையில்லாதபடி டையை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை) மாற்றுங்கள். இது தெரியாமல் லட்சக்கணக்கில் செலவழித்து, நிம்மதியாகத் தூங்குகிற முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

நியூமேட்டிக், அதாவது காற்றழுத்தத்தில் இயங்குவது என்றால் ராமை நடுவிலும் நிறுத்தலாம், அதனால் கர்ட்டன் போடலாம். ஆனால் எவ்வளவு தூரத்தில்? கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். கை குறுக்கே போய் ஒளிக்கதிர் துண்டானதிலிருந்து ராம் நிற்க மொத்தம் 0.2 வினாடி என்றால் கர்ட்டன் டையிலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். 14 மி.மீ. வரை கண்டுபிடிக்கும் கர்ட்டனுக்கு இந்தக் கணக்கு. அதைவிடப் பெரிய பொருளைத்தான் கண்டுபிடிக்கும் என்றால் இன்னும் தள்ள வேண்டும். சரி, மாட்டியாயிற்று. இரண்டு வருடத்தில் பிரேக் லைனிங் தேய்ந்து நிற்கும் நேரம் 0.25 ஆகிறது. இப்போது 500 வேண்டும். கர்ட்டன் அதே 400-இல் பச்சை லைட் எரிந்துகொண்டு நிற்கும். நிற்கும் நேரத்தை அளந்து பார்க்கும் தேதியை மெயின்டனன்ஸ் சார்ட்டில் எழுதுங்கள். ஆட்களுக்கான பயிற்சி அதற்கப்புறம்.

இன்னொன்று: கர்ட்டனை பைபாஸ் பண்ணும் சாவி இருந்தால் அது உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். டூல் ரூம் ஆணியில் தொங்கக் கூடாது.

நெபோஷ் படித்தால் பிரமோஷன் கிடைக்குமா சார்?

முதல் பதிலைப் படியுங்கள்.

எங்களிடம் 600 பேர். சேஃப்டி ஆபீசர் கட்டாயமா?

1948 தொழிற்சாலைச் சட்டம் 1000 பேர் என்று வைத்திருந்தது. 2020-இன் புதிய சட்டத் தொகுப்பு அதை 500 ஆக்கியது. ஆபத்தான செய்முறை என்றால் 250. போட்டுவிடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். லைனை ஓட்டுவது நீங்கள், அவரல்ல.

ஓசூரிலிருந்து: சார், எங்கள் டிரெயினிங்கில் நூற்றுக்கு 88 விபத்து ஆட்களின் அலட்சியத்தால் என்றார்கள். நீங்கள் மெஷினையும் டார்கெட்டையுமே குறை சொல்கிறீர்களே?

அந்த 88, ஹைன்ரிச் என்ற அமெரிக்கர் 1931-இல் வெளியிட்டது. அவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர். பார்த்தது காப்பீட்டுக் கோப்புகளும் தொழிற்சாலைகளின் விபத்து அறிக்கைகளும். அறிக்கையை எழுதுவது யார்? சூப்பர்வைசர். 'என் தவறு' என்று எழுதும் சூப்பர்வைசரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் எழுதியதில்லை.

ஓசூர் மறுபடியும்: கார்டைக் கழற்றுவது ஆள்தானே சார்? யாரும் அவன் கையைப் பிடித்துக் கழற்றச் சொல்லவில்லையே.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஒரு பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன், கை எதுவும் டைக்குள் போகாதிருக்க. இரவு ஷிஃப்ட்டில் இடது பட்டனைக் குனிந்து பார்த்தேன். பட்டனுக்கும் வளையத்துக்கும் நடுவில் உடைத்த ஐஸ் குச்சி. மேலே டேப், ஆயில் அழுக்கில் கறுத்து ஓரம் சுருண்டிருந்தது. நேற்று ஒட்டிய டேப் இல்லை. அந்த வழியாக நான் தினமும் நடந்துகொண்டிருந்தேன்.

வைத்தது அந்த ஆள்தான், ஒப்புக்கொண்டார். மெமோ அடிக்கச் சொல்லிவிட்டு டைம் ஸ்டடி தாளை (வேலைக்கு ஆகும் நேரத்தை அளந்து டார்கெட் போட்ட தாளை) எடுத்துப் பார்த்தேன். குச்சியை எடுத்து, இரண்டு கையால் நாங்களே ஓட்டிப் பார்த்தால் அந்த எண்ணிக்கை வரவே இல்லை. ஸ்டடி எடுத்த நாளிலேயே குச்சி இருந்திருக்கிறது. டார்கெட்டே குச்சிக்குப் போட்ட டார்கெட். மெமோவைக் கிழித்தேன்.

இரண்டு பட்டனும் அரை வினாடிக்குள் அழுத்தப்பட வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட வேண்டும், இல்லாவிட்டால் ஓடாது. இப்படி சர்க்யூட் இருக்கிறது, அதை மாட்டினோம். அப்புறம் எந்தக் குச்சியும் வேலைக்கு ஆகவில்லை.

ஒரு டூல் ரூம் ஃபோர்மேன் குறுக்கே: மெமோ கொடுத்தால் மறுநாளிலிருந்து ஒருத்தனும் நியர் மிஸ் (நூலிழையில் தப்பிய விபத்து) எழுத மாட்டான். ஓசூர்க்காரர் அதையும் கணக்கில் எடுக்கட்டும்.

இவர் சொல்வதை எந்த டிரெயினரும் சொல்வதில்லை.

ஓசூர்: அப்போது ஒழுங்கு நடவடிக்கையே கூடாதா?

கூடும். கார்டையும் டார்கெட்டையும் சரி பண்ணிய பிறகும் ஒருவர் கழற்றினால். வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான். இதை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பெருந்துறையில் சாயப்பட்டறை. கழிவுநீர்த் தொட்டி சுத்தம் காண்ட்ராக்ட்காரர் பொறுப்புதானே?

இல்லை. தொட்டி உங்களுடையது. ஆள் இறங்குவதற்கு முன் மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விஷ வாயுவும் பார்க்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாடையே இருக்காது. முதல் ஆள் விழுந்ததும் தூக்க இறங்குகிறவர் அடுத்து விழுவார். மேலிருந்தே இழுக்கும்படி பெல்ட்டும் கயிறும் வின்ச்சும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். மூடியின் பூட்டுச் சாவி? பாக்கெட்டில்.

எங்கள் ஆட்கள் பாதிப்பேர் ஒடிசா, பீகார். இந்தியில் ஸ்லைடு போட்டால் போதுமா?

ஸ்லைடை விடுங்கள். மெஷின் பக்கத்தில் நின்று செய்து காட்டி, அவரைத் திருப்பிச் செய்யச் சொல்லுங்கள். தலையாட்டுவது பதில் ஆகாது.

பி.எஃப். வரவில்லை சார்...

பி.எஃப். அலுவலகம்.

ஐயா, நெபோஷ், ஐயோஷ் இரண்டில் எது...

ஐயா வேண்டாம். மேலே போய்ப் படியுங்கள்.

ஒரகடத்தில் ஆபரேஷன்ஸ் மேனேஜராகச் சேர்ந்திருக்கிறேன் சார். டை செட்டர்கள் எல்லோரும் என்னைவிட இருபது வயது மூத்த ஆண்கள். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டுத்தான் டை மாற்ற வேண்டும் என்றால் 'நேரம் ஆகும்மா' என்று சிரிக்கிறார்கள்.

ஆகத்தான் ஆகும்மா. மெயினை ஆஃப் பண்ணினாலும் ஃப்ளைவீல், அதாவது மெஷினின் கனமான சக்கரம், சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்கும் வரை, ராமுக்குக் கீழே கட்டை வைக்கும் வரை, அந்த சக்தி போகவில்லை. இதை வாயால் சொல்லாதீர்கள். மெயின் ஆஃப் பண்ணியதும் ஸ்டாப்வாட்சை அவர் கையில் கொடுத்து, ஃப்ளைவீல் நிற்கும் நேரத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தையும் டை மாற்றும் ஸ்டாண்டர்டு டைமில் சேர்த்து, நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். டார்கெட்டில் அந்த நிமிடங்கள் இல்லாத வரை அவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.