ஹெடர் மாட்டுங்கள், கேட்கானைக் கழற்றாதீர்கள்

பெங்களூரில் காருக்கு ஹெடர் மாட்டும் ஆசை மறுபடி கூடியிருக்கிறது. இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் கம்பெனி மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் குழாய்த் தொகுப்புதான் ஹெடர். எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்போது அதைப் பற்றித்தான். ஹெடர் மாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லிங்கராஜபுரத்தில் 20 வருடமாக அந்த வேலையைச் செய்கிறேன். ஆனால் ஏறக்குறைய எல்லாக் கேள்வியிலும் கேட்கானை, அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை, கழற்றிவிடும் யோசனையும் கூடவே வருகிறது. அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். ஏன் என்பதைக் கேள்விகளோடு சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: என்னுடையது 2014 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஜே.சி. ரோட்டில் 4-2-1 ஹெடர் பார்த்தேன். கேட்கானுக்கு இடம் இருக்காது, எடுத்துவிட்டால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும் என்கிறார் ஃபிட்டர். சரியா அண்ணா? (மர்ஃபி டவுன்)

பழைய இடத்தில் கேட்கானுக்கு இடம் இருக்காது என்பது உண்மைதான். மூச்சு விடும் கதைதான் தவறு.

கம்பெனி மேனிஃபோல்டில் குழாய்கள் குட்டை. நாலு சிலிண்டரின் புகையும் சீக்கிரமே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். 4-2-1 ஹெடரில் நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும். அவை நீளமாகவும் ஏறக்குறைய ஒரே அளவாகவும் இருப்பதால், ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடும்போது பின்னால் ஓர் இழுப்பு உண்டாகி, அடுத்த சிலிண்டரில் தேங்கிய மிச்சப் புகையையும் வாரிக்கொண்டு போகும். பிக்கப் கூடுவது இதனால்தான். இது பெரும்பாலும் கேட்கானை எட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் கேட்கான் உங்கள் அளவு இன்ஜினைப் பெரிதாக மறிப்பதில்லை. மறிக்கிறது என்றால் அது அடைத்துப்போயிருக்கிறது. அதற்கு வேறு வைத்தியம்.

சரி, கம்பெனிக்காரர்கள் ஏன் அதை மேனிஃபோல்டோடு ஒட்டி வைக்கிறார்கள்? சூட்டுக்காக. உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் கல்லில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் 250 முதல் 300 டிகிரி சூடு ஏறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடங்களில்தான் கார் மிக மோசமான புகையைக் கக்குகிறது. இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்தால் கேட்கான் சீக்கிரம் விழித்துக்கொள்ளும்.

அதனால் ஃபிட்டரிடம் இப்படிக் கேளுங்கள்: ஹெடரின் நாலு குழாயும் ஒன்று சேரும் இடத்துக்கு உடனே கீழே, எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில், கேட்கானைப் பொருத்த முடியுமா? முதல் ஆக்சிஜன் சென்சார் நாலு புகையும் கலந்த இடத்தில் இருக்க வேண்டும், இரண்டாவது கேட்கானுக்குப் பின்னால். கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். சிலிகோன் பேஸ்ட் தடவுகிறேன் என்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், அந்த ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். இதற்கெல்லாம் முடியாது என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காற்று மாசு விதியை மீறினால் 190-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை தனி. பிடித்தால் நிற்பது ஃபிட்டர் இல்லை, நீங்கள். ஹெடரும் ஒரு மாற்றம்தான் என்பதால் வாரண்டி உள்ள காரை நான் தொடுவதே இல்லை.

கேள்வி: கேட்கான் எடுத்தாயிற்று, இப்போது செக் லைட் எரிகிறது. பின்பக்க சென்சாருக்கு ஸ்பேசர் போட்டால் போய்விடும் என்கிறார்களே? (எலக்ட்ரானிக் சிட்டி)

ஸ்கேன் செய்தால் பி0420 என்று வந்திருக்கும். கேட்கான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஸ்பேசர் சென்சாரைப் புகை ஓட்டத்திலிருந்து தள்ளி வைத்து, எல்லாம் நலம் என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கிறது. புகை அப்படியேதான் போகும். எமிஷன் டெஸ்டிலும் மாட்டுவீர்கள்: பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். கேட்கான் இல்லாமல் அந்த அளவுக்குள் நிற்பது கஷ்டம். டெஸ்ட் செய்யாமலே சர்டிபிகேட் தரும் ஆளைத் தெரியும் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

இதை நான் கண்டிப்பாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இரண்டு கார்களில் கழற்றியிருக்கிறேன். இரண்டாவதை ஒரு மழை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ட்யூன் செய்துகொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் என்னோடு இருந்த பையன் தலைவலி என்று உட்கார்ந்தான், பிறகு வாந்தி எடுத்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அன்று அவனை வெளியே தூக்கி வந்து உட்காரவைத்த பயம் இன்னும் போகவில்லை. சிக்னலில் நம் பின்னால் நிற்கும் ஆட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்துக்கு நேராகத்தான் நம் சைலன்சர் இருக்கிறது.

கேள்வி: போலோ 1.0 டிஎஸ்ஐ-க்கு ஹெடர் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. அந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. ஹெட்டிலிருந்து வெளியே வந்ததும் டர்போ, அதை அடுத்துக் கேட்கான். "டிஎஸ்ஐ ஹெடர்" என்று யாராவது விற்றால் பெரும்பாலும் அது கேட்கான் இல்லாத டவுன்பைப்தான், அதாவது டர்போவுக்கு அடுத்து வரும் குழாய். பணத்தை மிச்சப்படுத்தி நல்ல டயர் வாங்குங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். பின்னால் நின்றால் கண் எரிகிறது. முந்தைய ஓனர் கேட்கானை விற்றிருப்பாரோ? (கே.ஆர்.புரம்)

இருக்கலாம். உள்ளே உள்ள உலோகங்களுக்கு விலை உண்டு என்பதால் கல்லை உருவி விற்றுவிட்டு, வெற்று டப்பாவை மட்டும் மறுபடி வெல்டிங் செய்து மாட்டுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெல்டிங் தையல் கோணல்மாணலாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். தகர டின் மாதிரி ஒலித்தால் உள்ளே ஒன்றும் இல்லை. கலகலவென்றால் கல் உடைந்திருக்கிறது. நம்பிக்கையான சோதனை ஸ்கேனர்தான். சூடான இன்ஜினில் முன் சென்சார் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்போது, பின் சென்சார் ஏறக்குறைய அசையாமல் நின்றால் கேட்கான் உயிரோடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆடினால் இல்லை.

கல் உடைந்தோ உருகியோ இருந்தால் புதியதை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மிஸ்ஃபயர் ஆன சிலிண்டரிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்து கல்லை உருக்கும். பிளக், காயில் சரிசெய்யாவிட்டால் புதியதும் போகும். ஆயில் குடிக்கும் இன்ஜினும் அப்படித்தான், மெதுவாகக் கொல்லும்.

கேள்வி: பிஎஸ்-6 டீசல் எஸ்யூவி. டிபிஎஃப் (டீசல் புகைக்கரி ஃபில்டர்) லைட் மாதம் ஒருமுறை வருகிறது. வெட்டி எடுத்து, இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்துவிடலாமா? (பெல்லந்தூர்)

வேண்டாம். உங்கள் பிரச்சினை டிபிஎஃப் இல்லை, சில்க் போர்டு டிராஃபிக். அந்த ஃபில்டர் கரியைப் பிடித்து வைத்து, ஏறக்குறைய 600 டிகிரியில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் ஆறு கிலோமீட்டரை முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் அந்தச் சூடு வராது. பாதியில் வண்டியை நிறுத்தினால் வேலையும் பாதியில் நிற்கும். லைட் வந்ததும் மேனுவலில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு ஹெப்பால் தாண்டி தேவனஹள்ளிப் பக்கமோ நைஸ் ரோட்டிலோ 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 20 நிமிடம் சீராக ஓட்டினால் அணைந்துவிடும். ஆயில் அளவையும் பாருங்கள். பாதியில் நின்ற சுத்திகரிப்புகளால் டீசல் ஆயிலில் கலந்து அளவு ஏறியிருக்கும். சாம்பல் குறைந்த, கம்பெனி சொன்ன கிரேடு ஆயில் மட்டும் ஊற்றுங்கள். உங்கள் ஓட்டம் முழுக்கச் சிட்டிக்குள்தான் என்றால், அடுத்த கார் பெட்ரோலாக இருக்கட்டும்.

கேள்வி: அப்பா 1997-இல் சென்னையில் வாங்கிய மாருதி 800. கார்புரேட்டர் வண்டி. அதிலும் கேட்கான் இருக்குமா? (அல்சூர்)

இருந்திருக்கும். 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்கிலும் புதிய பெட்ரோல் காருக்குக் கேட்கான் கட்டாயமானது. ஈயம் இல்லாத பெட்ரோலும் அப்போதுதான் வந்தது. ஆனால் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000-இல்தான். அதற்கு முன் அப்பா ஊருக்குப் போகும் வழியில் ஈயம் கலந்த பெட்ரோலை அடிக்கடி நிரப்பியிருந்தால் கேட்கான் அப்போதே செத்திருக்கும். இப்போது கல் வேலை செய்யாவிட்டாலும், கார்புரேட்டரை ஒழுங்காக ட்யூன் செய்தால் அந்தக் காலத்து வண்டிகளுக்கான 3 சதவீத வரம்புக்குள் வரலாம். முதலில் ஏர் ஃபில்டர், சோக், மிதவை மட்டம் மூன்றையும் பாருங்கள். அப்பாவின் வண்டியை ஓட்டத்தில் வைத்திருப்பது சந்தோஷமான விஷயம்.

கேள்வி: டிராக்குக்கு மட்டும் என்று ஒரு கார் தயார் செய்கிறேன். அதில் கழற்றலாம்தானே?

போட்டி விதி அனுமதித்தால், ரோட்டுக்கே வராத காரில் கழற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அதை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு போங்கள். "ஒரு நாள்தானே" என்று ஓசூர் ரோட்டில் ஓட்டிப் போகாதீர்கள்.