நாணய உறைகளும் ஒரு "ஓம்" என்ற பதிலும்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர். ஐந்து மாதங்களுக்கு முன்னர், காலஞ்சென்ற என் தமையனாரின் நண்பரான முத்திரை வியாபாரி ஒருவரிடம் நாற்பது நாணய உறைகளை (முத்திரையும் தபால் குறியும் உள்ள கடித உறைக்குள் நாணயம் ஒன்றை வைத்த சேகரிப்புப் பொருட்களை) ஒரே தொகுதியாக 480,000 ரூபாவுக்கு வாங்கினேன். வாங்குமுன் வாட்ஸ்அப்பில், "எல்லாம் அந்தந்த நாட்டுத் தபால் திணைக்களமோ நாணயசாலையோ வெளியிட்டவைதானே?" என்று கேட்டதற்கு, "ஓம், எல்லாம் ஒரிஜினல் இஷ்யூ" என்று பதில் வந்தது. பற்றுச்சீட்டில் "பழைய உறைகள் 40" என்று மட்டுமே உள்ளது. பாதிக்கு மேற்பட்டவை, முத்திரை வெளியான நாளின் தபால் குறியுள்ள பழைய முதல்நாள் உறைகளுக்குள் பின்னாளில் எவரோ நாணயத்தை வைத்து ஒட்டியவை என்று சக சேகரிப்பாளர் ஒருவர் இப்போது கூறுகிறார். இரண்டைத் திறந்து நாணயங்களை நிறுத்தும் பார்த்தேன். எங்கள் வீட்டில் உண்டு வளர்ந்த அந்த மனிதர் என் அழைப்பைத் துண்டிக்கிறார். பலர் முன்னிலையில் என்னை ஏளனமும் செய்தார். பொலிஸில் மோசடி முறைப்பாடு செய்யவும், முகநூலில் அவரை அம்பலப்படுத்தவும் எண்ணியிருக்கிறேன்.

பதில்: அவர் தங்கள் வீட்டில் உண்டதும், பலர் முன்னிலையில் நகைத்ததும் தங்களைப் புண்படுத்தியிருக்கும், ஆனால் அவை வழக்குரையின் எந்தப் பந்தியிலும் இடம்பெறப் போவதில்லை. தங்கள் கடிதத்தில் சட்டத்துக்குப் பயன்படுவது ஒரேயொரு வரிதான்: தாங்கள் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த "ஓம்" என்ற பதிலும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின்படி, பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், கொடுக்கப்படும் பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் தானாகவே அடங்கிய நிபந்தனை. "ஒரிஜினல் இஷ்யூ" என்ற சொற்கள் மட்டும் இருந்திருந்தால், உறை அசல், முத்திரை அசல், நாணயமும் அசல், இதில் பொய் எங்கே என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிடுவார்; அந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதும் அல்ல. தாங்கள் வெளியீட்டாளர் யார் என்று குறிப்பாகக் கேட்டு, அவர் "ஓம்" என்று விடையளித்ததனால்தான் தங்களுக்கு வழக்கே இருக்கிறது. ஆகவே அந்த உரையாடல் உள்ள கைத்தொலைபேசியை மாற்றாமலும், திரைப்பிரதியை மட்டும் நம்பி மூல உரையாடலை அழித்துவிடாமலும் பத்திரமாக வைத்திருங்கள். இலத்திரனியல் ஆவணங்களைச் சான்றாக ஏற்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது; எனினும் மூலம் கையில் இல்லாதவரை நீதிமன்றம் ஐயத்துடனேயே நோக்கும்.

பின்னர் சேர்க்கப்பட்ட நாணயம் என்பது மட்டும் குற்றமாகாது. அவ்வாறான உறைகள் அவ்வாறே கூறப்பட்டு வெளிப்படையாக விற்கப்படுகின்றன. ஐக்கிய இராச்சியத்தில் சேர்ச்சில் நினைவு முத்திரைகள் 1965 ஜூலை 8ஆம் திகதி வெளிவந்தன. அவர் உருவம் பொறித்த கிரவுண் நாணயமோ அதே ஆண்டு ஒக்டோபரில்தான் அச்சிடப்படத் தொடங்கியது. ஆகவே ஜூலை 8ஆம் திகதியின் தபால் குறியைத் தாங்கிய உறைக்குள் அந்த நாணயம் இருக்குமாயின், அது பின்னரே வைக்கப்பட்டது என்பதை உறையைத் தொடாமலேயே நிறுவிவிடலாம். 1970களில் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் மின்ட் வெள்ளிப் பதக்கங்களை முதல்நாள் உறைகளில் வைத்து வெளியிட்டது. அவை போலி அல்ல, ஆனால் வெளியீட்டாளர் தனியார் நிறுவனம், உள்ளே இருப்பதும் நாணயமல்ல, பதக்கம். தங்கள் நாற்பதில் எது எந்த வகை என்று ஒவ்வோர் உறைக்கும் தபால் குறியின் திகதியையும், நாணயம் வெளியான திகதியையும், வெளியீட்டாளரையும் எழுதிய பட்டியல் ஒன்று வேண்டும். அதை, விற்பனையில் எவ்விதப் பங்கும் இல்லாத அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் தயாரித்துக் கையொப்பமிட வேண்டும். தங்களிடம் முதலில் சொன்ன நண்பர் அதற்குப் பொருத்தமானவர் அல்லர்.

இனி, நான் உண்மையில் அஞ்சுவது அந்த இரண்டு உறைகளைப் பற்றித்தான். இவ்வகைப் பொருளில் உறை, முத்திரை, தபால் குறி, நாணயம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு பொருளாகின்றன. சேர்ச்சில் கிரவுண் 1 கோடி 96 இலட்சத்துக்கு மேல் அச்சிடப்பட்டது. தனியாக எடுத்தால் அதற்குப் பெரிய விலை இல்லை. திறந்த கணத்தில் தாங்கள் வாங்கிய பொருள் அப்பொருளாக இல்லாமற்போனது. விற்றவரின் உரிமைக்கு ஒவ்வாத செயலைப் பொருளின்மீது செய்த வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார்; நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருப்பவரும் அவ்வாறே. தாங்கள் நாற்பதையும் ஒரே விலைக்கு வாங்கியிருப்பதனால், ஒப்பந்தம் பிரிக்க இயலாதது என்று எதிர்த்தரப்புக் கூறும். அது ஏற்கப்பட்டால், இரண்டை ஏற்றது முழுத் தொகுதியையும் ஏற்றதாகி, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீளப் பெறும் உரிமை போய்விடும். எஞ்சுவது நட்டஈடு மட்டுமே. அதுவும் கொடுத்த விலை முழுவதும் அல்ல, விவரித்தபடி இருந்திருந்தால் தொகுதி பெற்றிருக்கும் மதிப்புக்கும், தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேளையில் அதற்கு உண்மையில் இருந்த மதிப்புக்கும் இடையிலான வேறுபாடு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் கட்சிக்காரர் ஒருவர், நீதிபதிக்குத் தெளிவாகக் காட்டலாம் என்ற நல்லெண்ணத்தில், பதினோர் உறைகளையும் சவர அலகால் வெட்டி, நாணயங்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி ஒரு பெட்டியில் கொண்டுவந்தார். குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விதான் கேட்கப்பட்டது: இந்த நாணயம் இந்த உறையிலிருந்துதான் எடுக்கப்பட்டது என்பதற்குத் தங்கள் வாய்மொழியைத் தவிர வேறென்ன சான்று? எங்களிடம் பதில் இருக்கவில்லை. எனவே மீதி முப்பத்தெட்டையும் தொடாதீர்கள். திறந்த இரண்டை மீண்டும் ஒட்டாமல், நாணயத்தைத் துடைக்காமல், தனித்தனிக் கடித உறைகளில் இட்டுத் திகதி எழுதுங்கள். மென்மையான பிவிசி பைகளில் வைக்காதீர்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் அவை நாணயத்தின்மீது பச்சை நிறப் பிசுபிசுப்பைப் படியவிடும். அந்தச் சேதமும் தங்கள் கணக்கிலேயே எழுதப்படும்.

பொலிஸ் முறைப்பாட்டை நான் பரிந்துரைக்கவில்லை. விற்ற வேளையிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவ வேண்டியிருக்கும். அவரும் யாரோ ஒருவரின் சேகரிப்பை அப்படியே வாங்கி விற்றிருக்கலாம். அதைவிட, "எல்லாவற்றையும் பார்த்துத்தான் வாங்கினேன்" என்று கோபத்தில் அங்கே சொல்லி வைக்கும் ஒரு வாக்கியம் பின்னர் மாவட்ட நீதிமன்றத்தில் தங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். முகநூல் பதிவோ இன்னும் மோசம். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். குடியியல் அவதூறு வழக்கு இருக்கவே இருக்கிறது. 480,000 கேட்கச் சென்றவர் பல இலட்சம் கேட்கும் கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட்டிருக்க வேண்டும். அந்த வழி அடைபட்டுவிட்டது. இந்தத் தொகைக்கு மத்தியஸ்த சபையைத் தாண்டாமல் நீதிமன்றம் செல்லவும் இயலாது. வெளிப்படையாகச் சொல்வதானால், அங்கேயே சமரசம் செய்துகொள்ளுங்கள். இன்றே, உறைகள் விவரணத்துக்கு மாறானவை என்றும் தாங்கள் அவற்றை மறுக்கிறீர்கள் என்றும் சுருக்கமாக, வசவின்றி, பதிவுத் தபாலில் எழுதுங்கள். முப்பத்தெட்டைத் திருப்பிக் கொடுத்து, திறந்த இரண்டின் விலையைத் தாங்களே சுமந்து மீதியைப் பெறுவது நல்ல முடிவு. உண்மையான வெளியீடுகளை வைத்துக்கொண்டு பாதி விலையைப் பெறுவதும் மோசமில்லை. தவணைக்கு உடன்பட்டால், கடைசித் தவணை வரும்வரை உறைகளை ஒப்படைக்காதீர்கள். ஒப்படைக்கும் நாளில், அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவரது கையொப்பத்தைப் பெற்ற பின்னரே அடுத்த உறையை எடுத்துக் கொடுங்கள்.