புதுக் கட்சிகளின் வாக்கு எங்கே போகிறது? கேள்வி பதில்

விருத்தாசலம், கல்லூரி மாணவி: இரு பெரிய கட்சிகளுக்கு நடுவே சீர்திருத்தம் பேசி வரும் கட்சிகள், கணிசமான வாக்கு வாங்கியும் சட்டமன்றத்தில் இடம்பெற முடியாமல் போவது ஏன், ஐயா?

உங்கள் ஊரே இதற்குச் சாட்சி, அம்மா. 2005-இல் தொடங்கப்பட்ட தே.மு.தி.க., இரு கழகங்களுக்கும் மாற்று என்று சொல்லி, 2006 தேர்தலில் தனித்து நின்று எட்டு விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்றது. ஆனால் வென்றது விஜயகாந்த் நின்ற விருத்தாசலம் ஒன்றில்தான். தொகுதியில் முதலிடம் பெறுபவரே வெற்றியாளர் என்ற முறையில், மாநிலம் முழுக்கச் சிதறிய வாக்கு இடங்களாக மாறுவதில்லை. பிரிட்டனில் 1983-இல் சமூக ஜனநாயகக் கட்சியும் லிபரல் கட்சியும் சேர்ந்த நடுநிலைக் கூட்டணி 25.4 விழுக்காடு பெற்று 23 இடங்களோடு நின்றுவிட, 27.6 விழுக்காடு பெற்ற தொழிற்கட்சி 209 இடங்களை வென்றது. தொழிற்கட்சியின் வாக்கு தொழில் நகரங்களில் திரண்டிருந்தது. கூட்டணியின் வாக்கோ எங்கும் பரவிக் கிடந்தது.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 2016-இல் இயக்கம் தொடங்கிய மக்ரோன் மறு ஆண்டே பிரான்சின் அதிபரானாரே?

புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களும் வாக்களித்த தேர்தல் அது. முதல் சுற்றில் அவர் பெற்றது சுமார் 24 விழுக்காடு. இரண்டாம் சுற்றில் 66. தோற்றவர்களின் ஆதரவாளர்கள் இரண்டாம் சுற்றில் நடுவில் நிற்பவரை நோக்கி வர அங்கே வழி இருக்கிறது. நம் முறையில் அந்த இரண்டாம் சுற்றே கிடையாது.

கடலூர் முதுநகர், வணிகர்: இந்தப் புதுக் கட்சிகள் வாக்கைப் பிரிக்கத்தான் பயன்படுகின்றன என்கிறார்களே?

வாக்கு வாக்காளருடையது, எந்தக் கட்சிக்கும் அது பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை.

அரியாங்குப்பம், வாசகர்: என்.ஆர். காங்கிரஸ் 2011-இல் தொடங்கிய ஆண்டிலேயே புதுச்சேரி ஆட்சியைப் பிடித்ததே?

அதைத் தொடங்கிய ரங்கசாமி அப்போதே முன்னாள் முதல்வர், அ.தி.மு.க. கூட்டணியும் இருந்தது. அந்த வசதி இல்லாத புதியவர்கள் வார்டிலிருந்துதான் ஏற வேண்டும். முப்பது சிறு தொகுதிகள் கொண்ட புதுச்சேரியில், வேட்பாளர் வீடு வீடாகச் சென்று முகம் காட்டிவிட முடியும் என்பதால், அது நடக்கக்கூடிய காரியமே. ஆனால் இங்கே 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்த பின்னரும் பல்லாண்டுகள் தேர்தல் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கிறது. சீர்திருத்தம் பேசும் எந்தக் கட்சியும் முதலில் நீதிமன்றத்திலும் தெருவிலும் கேட்க வேண்டியது அந்த உள்ளாட்சித் தேர்தலைத்தான்.