சூடாக்கினால் இரசாயனத் தாக்கம் ஏன் வேகமாகிறது?

தாக்கவீதம் என்பது ஒரு இரசாயனத் தாக்கம் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதுதான். துணிக்கைகள், அதாவது பொருளிலுள்ள அணுக்களும் மூலக்கூறுகளும், மோதினால்தான் தாக்கம் நடக்கும். ஆனால் மோதல் மட்டும் போதாது. அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பழைய பிணைப்பு உடையுமளவுக்குச் சக்தி வேண்டும், சரியான பக்கமாகவும் மோத வேண்டும். அந்தக் குறைந்தபட்சச் சக்திக்குப் பெயர் ஏவற்சக்தி.

பண்டிகைக் காலத்தில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நடந்து பாருங்கள். தோள்கள் எத்தனையோ தரம் உரசும், ஒன்றும் ஆகாது. ஓடி வருகிற ஒருவர் கையில் நேராக இடித்தால்தான் பை விழும். சனம் கூடினால் இடிபாடும் கூடும். செறிவு, அதாவது ஒரே இடத்திலுள்ள துணிக்கைகளின் எண்ணிக்கை, கூடினால் வீதம் கூடுவதும் அப்படித்தான். சூடு கூடினாலும் வீதம் கூடும். கரையும் விற்றமின் மாத்திரையை ஐஸ் தண்ணீரிலும் சுடுதண்ணீரிலும் போட்டால், சுடுதண்ணீரில் சட்டென்று நுரைத்து முடிந்துவிடும்.

சூட்டில் மோதல்கள் கூடுவதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு வாயு 25 பாகை செல்சியசிலிருந்து 35 பாகைக்குச் சூடானால் துணிக்கைகளின் வேகம் 2 சதவீதம்கூட ஏறாது, பல தாக்கங்களின் வீதமோ ஏறத்தாழ இரட்டிக்கும், போதிய சக்தியுள்ள மோதல்கள் பெருகுவதால்.