ரிப்போர்ட்டில் உள்ள எண் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லுமா?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு ஹெர்பிஸ் வைரஸால் மூளைக்காய்ச்சல் வந்து ஐசியூவில் இருந்தான். இப்போது கண் விழித்துப் பேசுகிறான். ஆனால் ரத்தத்தில் என்எஸ்இ அதிகம் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. நெட்டில் தேடினால் மூளை செல்கள் அழிந்ததற்கு அடையாளம் என்று போட்டிருக்கிறார்கள். தூக்கமே வரவில்லை டாக்டர், இனி அவன் எப்படி இருப்பான்?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாதும்மா. பேசுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய செய்தி.

என்எஸ்இ என்பது நரம்பு செல்களுக்குள் இருக்கிற ஒரு என்சைம், செல் சேதமானால் வெளியே கசிந்து தண்டுவட நீரிலும் ரத்தத்திலும் தெரியும், அதுவரை நீங்கள் படித்தது சரிதான். ஆனால் சிவப்பணுக்களிலும் அதே என்சைம் இருக்கிறது. குழந்தையின் சின்னக் கையில் ரத்தக்குழாய் கிடைக்காமல் இரண்டு மூன்று தடவை குத்தி எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிடும், வெளிர் மஞ்சளாகத் தெளிய வேண்டிய சீரம் என்ற ரத்த நீர் இளஞ்சிவப்பாக நிற்கும், அப்போது மூளைக்குச் சம்பந்தமே இல்லாமல் எண் ஏறிவிடும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'ஹீமோலைஸ்டு', அதாவது சிவப்பணு உடைந்த ரத்தம், என்று குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூளை சேதத்துக்குப் பார்க்கும் எஸ்100பி என்ற இன்னொரு புரதம் உண்டு, அது கொழுப்புத் திசுவிலிருந்தும் வரும். நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் நரம்பிழை சேதத்தை இன்னும் நம்பகமாகக் காட்டுகிறது, ஆனால் மெதுவாக ஏறி வாரக்கணக்கில் நிற்கும், வயதைப் பொறுத்து நார்மல் அளவும் மாறும். நோய் கடுமையான குழந்தைகளைக் கூட்டமாக வைத்துப் பார்த்தால் இவையெல்லாம் அதிகமாக இருப்பது உண்மை. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனைப் பற்றி முடிவு சொல்ல, இதற்கு மேல் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கோடு இன்னும் கிடையாது. மறுபடி எடுத்துப் பார்த்து இறங்குகிறதா ஏறுகிறதா என்று கவனித்தால் கொஞ்சம் அர்த்தம் உண்டு.

நாங்கள் தீவிரத்தை எடைபோடுவது பெரும்பாலும் கட்டிலருகில்தான். கூப்பிட்டால் கண் திறக்கிறானா, அம்மா குரலுக்குத் திரும்புகிறானா என்பதையெல்லாம் 3 முதல் 15 வரை மதிப்பெண்ணாகப் போடுகிறோம். வலிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது, எம்ஆர்ஐ ஸ்கேனும் மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜியும் என்ன சொல்கின்றன, ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பித்தார்கள் என்பதும் முக்கியம். முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த, வைரஸைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் டெஸ்ட்கூட சில சமயம் நெகட்டிவ் காட்டும், அதனால்தான் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குகிறார்கள்.

வீட்டுக்குப் போனபின் அவன் ஞாபகசக்தி, பேச்சு, கோபம், தூக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த செக்கப்பில் அந்த எண்ணைவிட அது உதவும். அப்புறம் ஒன்று, சில வாரம் கழித்துத் திடீரென்று குணம் மாறினாலோ, கைகால் தானாக முறுக்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பழைய நோயின் மிச்சம் என்று விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். ஹெர்பிஸுக்குப் பிறகு உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குவது உண்டு, அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது.