மோட்டார்ஹோம் (தங்கி உறங்கும் வசதியுள்ள பயண வண்டி) சாமான் அறைகள்: வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்பு மாற்றங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தலைக்கு மேலுள்ள அலமாரியின் கதவு, வளைவுகளில் திரும்பும்போது தானாகத் திறந்துகொள்கிறது. கூடுதலாக ஒரு காந்தத் தாழ் பொருத்தினால் போதுமா?

பதில்: போதாது. உள்ளிருந்து சாய்ந்து தள்ளும் சாமான்களின் எடையைச் சிறிய காந்தத்தால் தாங்க இயலாது. முதலில் கீல்களைப் பாருங்கள். ஓட்டத்தின் அதிர்வில் கீல் ஸ்குரூக்கள் தளர்ந்து கதவு ஓரிரு மில்லிமீட்டர் இறங்கிவிட்டால், தாழ்ப்பாளின் நாக்கு தன் பள்ளத்தில் முழுமையாக விழாமல் நுனியில் மட்டும் பற்றிக்கொண்டிருக்கும்; அந்நிலையில் புதிய தாழ்ப்பாள் மாற்றினாலும் பயனில்லை. கீலைச் சரிசெய்தபின், அலமாரியின் தரையில் கதவையொட்டி உட்புறமாக 3 அல்லது 4 செ.மீ. உயரமுள்ள மரச்சட்டம் ஒன்றைப் பொருத்துங்கள். வளைவில் சரியும் பொருள் கதவின் மீது மோதாமல் அந்தச் சட்டத்தின் மீது மோதி நின்றுவிடும். அதற்கும் மேலாகத் தேவையென்றால், முதல் தாழ்ப்பாளைச் சாராமல் தனியே இயங்கும் சிறிய தாழ் ஒன்றை வைக்கலாம். எது செய்தாலும், கனமான டின்களும் இரும்புச் சட்டிகளும் மேல் அலமாரியில் இருக்க வேண்டியவை அல்ல.

கேள்வி: பின்புறப் பெரிய சாமான் அறையில் 10 கிலோ எடையுள்ள கருவிப் பெட்டியை எலாஸ்டிக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். அது போதுமானதா?

பதில்: இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலரும் குறைத்து மதிப்பிடும் இடம் இதுதான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி எதிலாவது மோதி 1 மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்போது உள்ளேயிருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல ஏறத்தாழ 10 மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும். உங்கள் பெட்டியைப் பிடித்து நிறுத்த அந்த நொடியில் 100 கிலோ எடையைத் தாங்கும் கட்டு வேண்டும். எலாஸ்டிக் கயிறு நீளும் இயல்புடையது. அது நீளும்போதே பெட்டி வேகம் பிடித்துவிடும். நீளாத நெய்த நாடாவும் இறுக்கிப் பூட்டும் பக்கிளும் கொண்ட பட்டையே இதற்கு ஏற்றது.

பட்டை எவ்வளவு வலுவாக இருந்தாலும், அதை மாட்டும் வளையம் பெயர்ந்துவிட்டால் பயனில்லை. மோட்டார்ஹோமின் தரையும் சுவரும் பெரும்பாலும் மெல்லிய பலகைகளுக்கிடையே நுரைப்பொருளை வைத்து ஒட்டப்பட்டவை. அவற்றில் திருகிய ஸ்குரூ, சட்டென்று இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனவே தரையை ஊடுருவும் போல்ட்டைப் போட்டு, அடிப்பக்கத்தில் உள்ளங்கையளவு உலோகத் தகட்டை வைத்து நட்டை இறுக்குங்கள். துளையிடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் இறங்கி, அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டியோ எரிவாயுக் குழாயோ மின்கம்பியோ செல்லவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். துளையின் ஓரங்களுக்கு, நீர் புகாமல் அடைக்கும் பசையான சீலன்ட்டைப் பூச மறந்தால், நீர் கசிந்து உள்ளிருக்கும் மரம் நாளடைவில் உளுத்துப்போகும்.

கேள்வி: வெளிப்புற அறையின் மேல்நோக்கித் திறக்கும் கதவு நிற்காமல் தலையில் விழுகிறது. கதவைத் தாங்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட்டை (வாயு அழுத்தத் தாங்கி) அதிக வலுவுள்ளதாக மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். பழைய ஸ்ட்ரட்டின் குழாயில் அதன் தள்ளுவிசை நியூட்டன் அளவில் அச்சிடப்பட்டிருக்கும். அதே அளவும் அதே நீளமும் உள்ளதையே வாங்குங்கள். அளவுக்கு மீறிய அழுத்தம் மெல்லிய கதவை வளைத்து, கீலையும் பெயர்த்துவிடும். மூடிய நிலையில் தண்டுப் பக்கம் கீழ்நோக்கி இருந்தால், உள்ளிருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை நனைத்துக்கொண்டே இருப்பதால் ஸ்ட்ரட் நீண்ட காலம் உழைக்கும். கழற்றிய பழைய ஸ்ட்ரட்டை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதனுள் உயர் அழுத்தத்தில் வாயு அடைபட்டிருக்கிறது.

கேள்வி: கேஸ் சிலிண்டர் வைக்கும் அறையின் அடியிலுள்ள துளை வழியாகக் குளிர்காற்று புகுந்து வண்டிக்குள் வருகிறது. துளையை அடைத்துவிடலாமா?

பதில்: எக்காரணத்தைக் கொண்டும் அடைக்காதீர்கள். புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும் கனமானவை. கசிவு ஏற்பட்டால் வாயு தரையில் தேங்கும். அது வெளியேறுவதற்கென்றே அந்தத் துளை அடியில் அமைக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் உங்கள் கேள்வியில் வேறோர் ஆபத்து வெளிப்படுகிறது. அந்த அறையிலிருந்து காற்று வண்டிக்குள் வருகிறதென்றால், கசியும் வாயுவும் அதே வழியில் வரும். அடைக்க வேண்டியது அடித்துளையை அன்று. சிலிண்டர் அறைக்கும் நீங்கள் உறங்கும் பகுதிக்கும் நடுவேயுள்ள தடுப்பில் விட்டுப்போன இடைவெளியை. யாரோ முன்பு குழாய் இழுத்த துளையோ, தேய்ந்த கதவு ரப்பரோ அங்கே இருக்கக்கூடும். அந்த வேலை முடியும்வரை சிலிண்டரின் வால்வை மூடி வையுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதே அறையில் விளக்கு, சுவிட்ச், பேட்டரி எதுவும் கூடாது.

கேள்வி: மற்ற அறைகளில் விளக்கு பொருத்தலாமா?

பதில்: எல்இடி விளக்காக இருந்தால் பொருத்தலாம். பழைய வகைக் குமிழ் விளக்கு அணையாமல் விடப்பட்டு, போர்வையோடு ஒட்டிக் கிடந்தால் அதைக் கருக்கிவிடும். கம்பியின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸை மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே வையுங்கள். உலோகத் தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் போடுங்கள்.

கேள்வி: ஏதேனும் ஓர் அறைக்கதவு பூட்டப்படாமல் வண்டி கிளம்பினால் எச்சரிக்கும் ஏற்பாடு செய்ய முடியுமா?

பதில்: முடியும். கதவு திறந்தால் மின்சுற்றை இணைக்கும் வகைக் காந்த சுவிட்சுகளை ஒவ்வொரு கதவிலும் பொருத்தி, அவற்றை இணைச்சுற்றாக ஓட்டுநர் அருகிலுள்ள ஒரு பஸ்ஸருடன் சேர்த்துவிடுங்கள். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து, ஃபியூஸ் வழியாக இணைப்பை எடுக்க வேண்டும். கதவிலிருந்து காந்தம் கழன்று விழுந்தால் பஸ்ஸர் ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கம்பி அறுந்தால் அது மௌனமாகவே இருக்கும். ஆகையால் கிளம்புமுன் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒலி வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பூட்டுங்கள்.