தண்டவாளத்து ஒயரும் காயலான் கடையும்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. வருகிற சித்திரையில் 18 முடிகிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டான். போன வாரம் அவன் கட்டிலுக்கு அடியில், சிமென்ட் சாக்கில், கரி பிடித்த காப்பர் கம்பி சுருள் சுருளாக இருந்ததைப் பார்த்தேன். "தண்டவாளம் ஓரமா சும்மா கிடந்த ஒயரும்மா, காயலான் கடையில போடப்போறோம்" என்கிறான். கூடச் சுற்றுவதெல்லாம் இவனைவிடப் பெரிய பையன்கள். இதற்கு ஜெயிலா? யாருக்கும் தெரியாமல் ஆற்றில் போட்டுவிடட்டுமா?
- கத்திவாக்கம் வாசகி

பதில்: ஆற்றில் போடாதீர்கள் சகோதரி. அவன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் விடாதீர்கள். ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தே, செய்தவரைக் காப்பாற்றத் தடயத்தை அழிப்பது தனிக் குற்றம். பெற்ற தாய் என்பதற்காகச் சட்டம் அதில் விலக்கு தரவில்லை. இதுவரை மகன் மட்டும் மாட்டியிருக்கும் விஷயத்தில் நீங்களும் போய்ச் சிக்க வேண்டாம்.

கம்பியில் கரி பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே இருந்த பிளாஸ்டிக் உறையை எரித்துத்தான் காப்பரைப் பிரித்திருக்கிறார்கள். எந்த அதிகாரியும் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார், 'சும்மா கிடந்தது' என்ற பேச்சு எடுபடாது. தண்டவாளத்தை ஒட்டி ஓடும் கேபிள் பெரும்பாலும் சிக்னலுக்கானது. அது அறுந்தால் சிக்னல் சிவப்பில் நின்றுவிடும், கும்மிடிப்பூண்டி லைனில் ரயில்கள் வரிசையாக நிற்கும். வேலைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லாரும் பாதி வழியில் மாட்டிக்கொள்வார்கள். பையன்கள் கைக்கு வருவது சில நூறு ரூபாய். சட்டம் அந்தச் சில நூறைப் பார்ப்பதில்லை, எதை அறுத்தார்கள் என்றுதான் பார்க்கிறது.

அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைந்தாலே 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது சின்ன வழக்கு. பெரியது 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம். திருடியது என்று சந்தேகப்படத்தக்க ரயில்வே பொருள் ஒருவர் வசம் இருந்தால், அது நியாயமான வழியில்தான் வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். முதல் தடவைக்கே 5 வருடம் வரை சிறை. சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குக் குறைக்க மாட்டார்கள். வாங்கிப் போடும் காயலான் கடைக்காரருக்கும் இதே சட்டம்தான். தெரிந்தே வீட்டில் வைக்க இடம் கொடுத்தவர்மீதும் வழக்கு வரலாம். அதனால்தான் அந்தச் சாக்கு உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கேபிளோடு நிறுத்தாமல் பாயின்டிலோ (ரயில் தடம் மாறும் இடம்) தண்டவாளத்திலோ போல்ட் நட்டைத் தொட்டால் விஷயமே வேறு. ரயிலுக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தே அப்படிச் செய்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 150ஆவது பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகும். 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியது நினைவிருக்கும். போல்ட் நட்டுகளை யாராவது கழற்றினார்களா என்ற கேள்விதான் அந்த விசாரணையின் மையமாக இருந்தது, தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ வரை வந்து பார்த்தார்கள். அது உங்கள் ஊரைத் தாண்டிப் போகும் அதே லைன். எண்ணூர்ப் பக்கம் நிற்கும் மின்கோபுரங்களில் ஆங்கிள் (இரும்புச் சட்டம்) கழற்றியிருக்கிறார்களா என்றும் மகனிடம் கேளுங்கள். மின்சாரச் சட்டத்தின் 136ஆவது பிரிவில் அதற்கு 3 வருடம் வரை சிறை. இரண்டாவது தடவை மாட்டினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 5 வருடம் வரை. அப்புறம், தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே உயிர் போகும். இதை அவனிடம் சொல்லும்போது குரலைக் குறைக்காதீர்கள்.

நீங்கள் கேட்ட ஜெயில் விஷயத்துக்கு வருகிறேன். சம்பவம் நடந்த அன்று 18 நிறையவில்லை என்றால் அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறுவர் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன்தான் விதி, மறுப்பதற்குத்தான் காரணம் வேண்டும். கவுன்சலிங், சமூக சேவை என்றும் உத்தரவு போடுவார்கள், சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் 3 வருடத்துக்கு மேல் கிடையாது. இந்த மாதிரி வழக்கு அவன் பிற்கால வேலைக்குத் தடையாகவும் நிற்காது. சித்திரைக்குப் பிறகு இதே வேலையைச் செய்தால் இது எதுவும் கிடைக்காது, கூட்டாளிகளோடு சேர்ந்து அவனும் பெரியவர்கள் கோர்ட்டில்தான் நிற்க வேண்டும்.

நாளைக்கே 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவிக்குப் பேசுங்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள். அந்தச் சாக்கை எப்படி, யாரிடம் ஒப்படைப்பது என்பதை அந்த வக்கீல் முடிவு செய்யட்டும். அதற்கு முன்னால் ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப். ஆட்கள் வந்தால் மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் வக்கீல் வரும்வரை மகன் வாக்குமூலம் எதுவும் தர வேண்டாம். போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, ஆனால் ரயில்வே சொத்து வழக்கில் ஆர்.பி.எஃப். அதிகாரியிடம் தருவது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மகனின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் இன்று ராத்திரியே தேடி எடுத்து வையுங்கள். வயதை நிரூபிக்க முதலில் கேட்பது அவற்றைத்தான்.